திருகோணமலைக் கடலின் நீலம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் எங்கள் வளவுக்குள் மூன்று அறைகள் கட்டி, கடல் பார்க்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அப்பா கடற்தொழில் செய்தவர். அண்ணா இப்போதும் போட் ஓட்டுகிறார். அறை கேட்டு அழைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைக் கேட்பதில்லை. எங்கேயோ பார்த்த ஒரு நீலக் கடல் படத்தை அனுப்பிவிட்டு, "அக்கா, இது உண்மையோ?" என்றுதான் தொடங்குவார்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, ரொறன்ரோ என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் மட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

"அக்கா, படத்தில காட்டுற மாதிரி உண்மையாவே நீலமா இருக்குமோ?"

இருக்கும். ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் பொருந்தி வரவேண்டும்: மாதம், நேரம், இடம். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், வெயில் எறிக்கிற ஒரு நாளில், காலை பத்து மணிக்குப் பிறகு நிலாவெளிக் கரையில் நின்றால் நீங்கள் பார்த்த படம் அப்படியே கண்முன்னால் கிடக்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறொரு கடலைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, அது ஒற்றை நீலம் கிடையாது. கரையில் காலை நனைக்கிற தண்ணீருக்கு நிறமே இல்லை, கண்ணாடிதான். இடுப்பளவு ஆழத்தில் மயில் கழுத்தின் பச்சை கலந்த இளநீலம். கல்லுக் கிடக்கிற இடங்களில் கறுத்த திட்டு. அதைத் தாண்டினால் நல்ல நீலம், அடிவானத்தில் மை ஊற்றியது போல. இந்த வரிசையைக் கரையில் நின்று ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள், பிறகு எந்தக் கடலைப் பார்த்தாலும் கண் தானாகவே எண்ணத் தொடங்கிவிடும்.

"எந்த மாசம் வந்தா நல்லம்?"

இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் மழை கொட்டும்போது எங்கள் பக்கம் காய்ந்து கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வீசுகிற தென்மேல் பருவக்காற்றைச் சோளகம் என்பார்கள். அது மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, எங்களிடம் வரும்போது வெறும் சூட்டுக் காற்றாக வரும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை எழும்பாது. அலை எழும்பாவிட்டால் அடி மண் கிளம்பாது, மண் கிளம்பாவிட்டால் தண்ணீர் தெளிந்து நிற்கும். மழையும் இல்லாததால் ஆறுகளும் சேற்றைக் கொண்டுவராது. தெளிவுக்குக் காரணம் இவ்வளவுதான்.

மீனவர்களுக்கு இது எப்போதோ தெரியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கிற அந்த மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி (கரையோரக் கொட்டில்) அடித்துத் தொழில் செய்வார்கள். அவர்கள் வந்துவிட்டார்கள் என்றால் கடல் படுத்துவிட்டது என்று பொருள்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் மிகச் சிறந்தவை. ஜூன், ஜூலையில் கச்சான் என்கிற மேல்காற்று நெருப்பாய் அடிக்கும், குழந்தைகளும் வயதானவர்களும் களைத்துப்போவார்கள். ஓகஸ்ட்டில் கடல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் வருவதால், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் மீனைவிட மனிதர்கள் அதிகம்.

"எங்களுக்கு டிசம்பர் லீவுதான் கிடைக்கும். வாறதோ, விடுறதோ?"

இதற்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மனம் சங்கடப்படும். ஒரு டிசம்பரில் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஏதோ ஒரு பயண விளம்பரத்தில் பார்த்த ஜூலை மாதப் படத்தை நம்பி, பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து நாளும் மழை. கடல் தேநீர் நிறத்தில் கரையை அடித்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் அந்தச் சின்னப் பெண் சாளரத்தடியில் நின்று, "அம்மா, நீலக் கடல் எங்க?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, டிசம்பரில் அறை கேட்கிறவர்களிடம் கடல் எப்படி இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றுக் காலம். வடகீழ்ப் பருவமழையில்தான் எங்கள் குளங்கள் நிரம்புகின்றன, வயல் விளைகிறது. ஆகவே அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் கடலில் இறங்குவதற்கான காலம் அது இல்லை. புயலும் வரும். 2020 டிசம்பர் 2 அன்று இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. டிசம்பரில்தான் வரமுடியும் என்றால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, துறைமுகம் என்று வாருங்கள். நீலக் கடல்தான் வேண்டுமென்றால் அதே மாதத்தில் நாட்டின் தென்மேற்குக் கரைக்குப் போங்கள். உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் அப்போது கடல் அமைதியாகும்.

"தண்ணி ஏன் நீலமா தெரியுது? வானத்தின்ர நிழல்தானே?"

கொஞ்சம் வானமும் உண்டு. ஆனால் அது மட்டும் இல்லை என்று நிறுவியவர் நம்மவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்வந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புத்தான் என்பது அக்காலத்தில் பெரிய அறிஞர்கள் ஏற்றிருந்த கருத்து. இராமன் கையில் வைத்திருந்த நிக்கோல் பட்டகம் என்ற சின்னப் படிகக் கருவியால் நீரின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பார்த்தார். கடலின் நீலம் குறையவில்லை, முன்பைவிடச் செறிவாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்கு உள்ளிருந்தே வருகிறது என்று எழுதினார். வெளிச்சம் சிதறுவதைப் பற்றி அங்கே தொடங்கிய ஆய்வுதான் 1928இல் இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது.

நடப்பது இதுதான். வெயிலில் எல்லா நிறமும் இருக்கிறது. தண்ணீர் அதில் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து பத்து மீற்றருக்குள் சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். நீலம்தான் ஆழம்வரை போய், சிதறி, நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அண்ணா ஒருமுறை சிவப்பு ரீசேட்டோடு ஆழத்தில் சுழியோடினார். கீழே பார்த்தபோது அது கறுத்த மண்ணிறமாக இருந்ததாம். மேலே வர வரச் சிவப்பாகிவிட்டது.

இராமன் செய்ததை நீங்களும் செய்யலாம். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடலைப் பாருங்கள், பிறகு கழற்றிவிட்டுப் பாருங்கள். மேற்பரப்பின் மினுக்கம் போனதும் உள்நிறம் எழும்பி வரும். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன், வருகிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்றே.

"போத்தல்ல அள்ளிப் பார்த்தா நிறமே இல்லையே?"

ஒரு சாண் தண்ணீர் விழுங்குகிற சிவப்பு மிகவும் கொஞ்சம். கண்ணுக்குத் தெரியாது. நிறம் தெரிய மீற்றர் கணக்கில் தண்ணீர் வேண்டும். ஒரு தாள் கண்ணாடியைப் பார்த்தால் நிறமில்லை, அதையே விளிம்பின் பக்கமாகப் பார்த்தால் பச்சை தெரிகிறதல்லவா, அதைப் போலத்தான்.

"ஒரே கடல், ஆனா ஓரிடம் பச்சை, ஓரிடம் நீலம், ஓரிடம் கறுப்பு. ஏன்?"

அடியில் என்ன கிடக்கிறது, எவ்வளவு ஆழம், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது குறைந்த ஆழத்தில் மேலே வரும்போது பச்சை கலந்த இளநீலமாகத் தெரியும். கல்லும் கடற்புல்லும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதால் கறுப்பாகத் தெரியும். ஆழம் கூடினால் அடி தெரியாது, தண்ணீரின் சொந்த நீலம் மட்டும் மிஞ்சும். நுண்ணிய பாசி மிகுந்தால் பச்சை, சேறு மிகுந்தால் மண்ணிறம்.

எங்கள் மாவட்டத்திலேயே இதைக் கண்ணால் ஒப்பிடலாம். நிலாவெளியில் மணல் வெளிறியது. வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் கனிமம் கலந்து மணல் கறுத்துக் கிடக்கும். சூரியனும் காற்றும் ஒன்றாக இருந்தும் அந்த இளநீலம் அங்கே எழும்பாது. தெற்கே கொட்டியாரக் குடாவில், மூதூருக்குப் பக்கத்தில், இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கடலில் விழுகிறது. மாரியில் அந்தப் பக்கம் மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் விரிந்துபோவதைக் கோணேசர் மலையிலிருந்தே பார்க்கலாம்.

அப்பா தண்ணீரின் தெளிவைப் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். ஓரம் உடைந்த ஒரு வெள்ளை எனாமல் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்து, கையை விரித்துப் பாகக் கணக்கில் அளப்பார். நல்ல நாளில் ஆறு பாகம்வரை தட்டுத் தெரியும், வாடைக்காலத்தில் ஒரு பாகத்திலேயே மறைந்துவிடும். வளர்ந்த பிறகுதான் படித்தேன், 1865இல் இத்தாலியரான செக்கி என்ற பாதிரியார் இதே வேலையை வெள்ளைத் தட்டு இறக்கிச் செய்தார் என்றும், கடலாய்வாளர்கள் இன்றும் அந்தத் தட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்றும். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. தட்டு இப்போதும் எங்கள் வீட்டுக் கோடியில் தொங்குகிறது.

"ஒரு நாள்தான் இருக்கு. நிலாவெளி, உப்புவெளி, மாபிள் பீச், புறாமலை, எதுக்குப் போறது?"

நீந்தத் தெரிந்தவர்கள் புறாமலைக்கு. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள் மாபிள் பீச்சுக்கு. சும்மா இருந்து பார்க்க விரும்புபவர்கள் நிலாவெளிக்கு. உப்புவெளி என் ஊர், அதனால் சொல்லக்கூடாது என்றாலும் சொல்கிறேன்: நகரத்துக்குப் பக்கம், சாப்பாடு எளிது, ஆனால் நீலத்தில் நிலாவெளியே ஒரு படி மேல்.

மாபிள் பீச் சீனக்குடாப் பக்கத்தில், விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலில் ரிக்கெற் எடுக்கவேண்டும். இருபுறமும் நிலம் கைபோல வளைந்து காப்பதால் அலை குறைவு, ஆழமும் மெதுவாகத்தான் கூடும்.

இவற்றில் எதுவும் இல்லாமல், காசு செலவில்லாத ஒன்றும் உண்டு. பிரட்றிக் கோட்டை வழியாக ஏறி, கோணேசர் கோயிலடிக்குப் போங்கள். இராவணன் வெட்டு என்று சொல்கிற அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று கீழே பாருங்கள். பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கரையில் பார்த்த இளநீலம் அங்கே இல்லை. கண்ணை உள்ளே இழுக்கிற கரும்நீலம். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி அவற்றைக் கண்டார். அவரும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சேர்ந்து இந்தக் கடலில் சுழியோடியவர்கள்.

"புறாமலைக்குப் போக என்ன செய்யவேணும்?"

வெளியூர்க்காரர் புறாத்தீவு என்பார்கள், எங்களுக்குப் புறாமலை. மாடப்புறாக்கள் கூடு வைக்கிற பாறைத் தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நிலாவெளிக் கரையிலேயே வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கெற் கருமபீடம் இருக்கிறது. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் இந்த இடத்தில்தான் வாக்குவாதப்படுகிறார்கள். கருமபீடத்தில் இருக்கிற பிள்ளை அந்தச் சட்டத்தை எழுதவில்லை, அவரோடு சண்டை வேண்டாம்.

போட்டுக்குத் தனிக் காசு. ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் போட்டுக்கு இவ்வளவு என்று கேட்பதுதான் வழக்கம், ஆகவே இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் மலிவு. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று ஏறுமுன் எண்ணுங்கள். காலையில் முதல் போட்டிலேயே போய்விடுங்கள். நீலம் பத்து மணிக்குப் பிறகுதான் என்று முதலில் சொன்னேன், ஆனால் புறாமலையில் ஏழரைக்கே இறங்கினால் கூட்டமில்லாமல் மீன் பார்த்துவிட்டு, நீலம் எழும்புகிற நேரத்தில் பாறைமேல் ஏறி நிற்கலாம்.

"அங்க சுறா இருக்காமே?"

இருக்கிறது. துடுப்பின் நுனியில் கறுப்புப் பூசியது போன்ற சின்னச் சுறா, பெரியதே ஏறக்குறைய ஓர் ஆள் நீளம்தான். மனிதரைக் கண்டால் அதுதான் ஓடும். துரத்தாதீர்கள், வாலைப் பிடிக்கப் போகாதீர்கள். சுறாவைவிடக் கவனிக்கவேண்டியது உடம்பெல்லாம் முள்ளாக அடியில் கிடக்கிற கடல் முள்ளி. காலில் ஏதாவது போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

"முருகைக்கல்லில கொஞ்ச நேரம் நின்டா என்ன? கல்லுத்தானே?"

கல் இல்லை, உயிர். முருகைக்கல் என்று நாம் பெயர் வைத்ததால் வந்த மயக்கம் இது. மிகச் சின்ன உயிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுண்ணாம்பு கட்டி எழுப்பிய வீடு. உருண்டையாக வளர்கிற வகை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். மேசையளவு கிடக்கிற ஒன்றில் நீங்கள் ஏறி நின்று அது உடைந்தால், உங்கள் பேரப்பிள்ளை வரும்போதும் அது பழையபடி ஆகியிருக்காது.

1998இல் கடல் சூடாகி, இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தன. புறாமலைக் கற்கள் அந்த முறை தப்பின. அதன் பிறகும் சூடு வந்திருக்கிறது, சேதமும் ஆகியிருக்கிறது. கடல் சூடாவதை நீங்களும் நானும் ஒரு நாளில் நிறுத்த முடியாது. ஆனால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். களைத்தால் மல்லாந்து மிதவுங்கள், போட்டைக் கூப்பிடுங்கள், மணல் இருக்கிற இடத்தில் நில்லுங்கள். உடைந்து கரையில் ஒதுங்கிய துண்டையும் எடுத்துவராதீர்கள்.

வெயிலுக்குப் பூசுகிற கிறீமிலும் விஷயம் இருக்கிறது. ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக்கல்லுக்குக் கேடு என்று பலாவு நாடு 2020இலும் ஹவாய் மாநிலம் 2021இலும் அது சேர்ந்த கிறீம்களுக்குத் தடை கொண்டுவந்தன. முழுக்கை ரீசேட் ஒன்று போட்டால் கிறீம் அவ்வளவாகத் தேவைப்படாது.

"பெண்பிள்ளைகள் என்ன உடுப்போட குளிக்கலாம்? சனம் ஏதும் சொல்லுமோ?"

விடுதிகளுக்கு முன்னால் நீச்சல் உடையோடு குளிப்பவர்களைத் தினமும் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஊர்ப் பெண்கள் குளிக்கிற பொதுக் கரையிலும் கோயிலடியிலும் ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டால் உங்களுக்கே நிம்மதி. நான் பயப்படுவது சனத்தின் வாய்க்கு இல்லை, சேலைக்கும் சோலுக்கும்தான். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டால் முழங்காலளவு தண்ணீரிலேயே விழுத்தும். சோலைக் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

"நீச்சல் தெரியாது. ஆனா அடி தெரியுதுதானே, பயமில்லைத்தானே?"

அடி தெரிவதுதான் ஆபத்து. தெளிந்த தண்ணீர் உண்மையான ஆழத்தின் முக்கால் பங்கு அளவுக்குத்தான் மேலிருந்து பார்க்கத் தோன்றும். ஒளி வளைவதால் வருகிற ஏமாற்று இது. கழுத்தளவு என்று நினைத்துக் காலை வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். எப்போதும் நடந்து நடந்து இறங்குங்கள், போட்டிலிருந்து குதிக்காதீர்கள்.

இன்னொன்று கடல் இழுவை. அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கறுத்து, அமைதியாகக் கிடந்தால் புதியவர்கள் அங்கேதான் போய் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. இழுபட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. இந்தக் கரையில் நான் கேட்ட ஒப்பாரிகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

"கண்ணால பாக்கிற நீலம் போன்ல வருதில்லையே?"

எங்களுடையது கிழக்குக் கரை. காலையில் சூரியன் கடலுக்கு மேலிருந்து உங்கள் கண்ணுக்குள் அடிக்கும், கடல் வெள்ளித் தகடாகத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு வெயில் செங்குத்தாக இறங்கத் தொடங்கும், பிற்பகல் மூன்றரை வரை முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். அந்த நேரத்தில் எடுங்கள். கொஞ்சம் உயரத்தில் நின்று எடுத்தால் மேற்பரப்பின் மினுக்கம் குறைந்து உள்நிறம் வரும். முன்பு சொன்ன கறுப்புக் கண்ணாடியைக் கமராவுக்கு முன்னால் பிடித்து, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் நீலம் சட்டென்று எழும்பும்.

"நீலத் திமிங்கலம் பாக்கலாமோ?"

மார்ச், ஏப்ரலில் வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகும் சில மாதங்கள் காண்பவர்கள் உண்டு. துறைமுக வாயிலுக்கு வெளியே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஓடுகிறது. அதனால் கரைக்குப் பக்கத்திலேயே ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டுகிறது. ஆழ்கடலில் வாழ்கிற உயிர் இவ்வளவு கிட்ட வருவதற்கு அதுதான் காரணம். கோணேசர் மலையில் நின்றே அது ஊதுகிற நீர்த்தூவலைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நான் இருமுறை கண்டிருக்கிறேன்.

முப்பது மீற்றர் வரை வளர்கிற, உலகின் மிகப் பெரிய உயிர் அது. வெளியே சாம்பல் நிறம்தான். தண்ணீருக்கு உள்ளே இருக்கும்போதுதான் வெளிர்நீலமாகத் தெரியும். போட்டில் போகிறவர்கள், நூறு மீற்றராவது தள்ளி நிற்கிற ஓட்டியைத் தேர்ந்தெடுங்கள். "கிட்டக் கொண்டு போங்கோ" என்று நீங்களே கேட்காதீர்கள். பெரும்பாலும் பயணிகளின் வற்புறுத்தலால்தான் ஓட்டிகள் நெருங்குகிறார்கள் என்று அண்ணா சொல்வார்.

"மாலைதீவுக்குப் போகாம இங்க வந்தா அதே நீலம் கிடைக்குமோ?"

அதே நீலம் கிடைக்காது, உண்மையைச் சொல்லவேண்டும். மாலைதீவு முழுக்க முருகைக்கல் வளையங்கள். ஆறு என்று ஒன்று கிடையாது, சேறு வர வழியில்லை. முருகைக்கல் நொறுங்கி ஆன வெள்ளை மணலுக்கு மேல் ஆழம் குறைந்த தண்ணீர் ஏரிபோல நிற்கிறது. அந்த வெளிர்நீலத்தை எங்களால் கொடுக்க முடியாது. இலட்சத்தீவுகளும் அதே வகை. எங்களிடம் இருப்பது ஒரே நாளில் பல நீலம்: காலையில் நிலாவெளியின் மயில்நிறம், மதியம் மலையடியின் கரும்நீலம், மாலையில் உள் துறைமுகத்தின் பச்சைநீலம். கிழக்கிலேயே இன்னும் பார்க்க விரும்பினால் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவுக்குப் போங்கள். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான், பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல கடல் இல்லை.

"கனடாவில ஏரி நீலம், நிலாவரைக் கிணறும் நீலம், கல்லுடைச்ச கிடங்கில நிக்கிற தண்ணியும் நீலம். எல்லாத்துக்கும் ஒரே காரணமோ?"

இல்லை. கனடாவின் மொரெய்ன் ஏரியில், பனிப்பாறை மலையை அரைத்த மாவுபோன்ற கல்தூள் தண்ணீரில் மிதக்கிறது. அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற நிறம். இத்தாலியில் கப்ரி தீவின் நீலக் குகையில், வெயில் நீருக்கடியில் உள்ள திறப்பு வழியாகத் தண்ணீருக்குள்ளால் வடிகட்டப்பட்டு வருகிறது. பெலீஸ் நாட்டின் பெரும் நீலத்துளை, சுண்ணாம்புக்கல் குகை இடிந்து, பிறகு கடல் மூடிய பள்ளம். ஆழம் நூறு மீற்றருக்கு மேல், ஆகவே சுற்றியுள்ள இளநீலத்துக்கு நடுவே கரும்பொட்டாகத் தெரியும். யாழ்ப்பாணத்து நிலாவரையும் சுண்ணாம்புக்கல் இடிந்து உண்டானதுதான். மேலே நன்னீர், கீழே போகப் போக உவர்.

கல்லுடைத்த கிடங்குதான் இதில் மோசமானது. தூள் கலந்து இளநீலமாக, ஆசை காட்டுவதுபோல நிற்கும். பக்கங்கள் செங்குத்து, ஏறிவரப் பிடி இருக்காது, அடியில் கம்பியும் இயந்திரத் துண்டும் கிடக்கும். இங்கிலாந்தில் ஒரு கிடங்கின் தண்ணீர் நீலத்தைப் பார்த்துச் சனம் குளிக்கப் போய், அது தோலை அரிக்கிற காரத் தண்ணீர் என்பதால் அதிகாரிகள் அதற்குக் கறுப்புச் சாயம் ஊற்றினார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

"இரவில கடல் நீலமா மின்னுமாமே?"

அது தண்ணீரின் நிறம் இல்லை, தண்ணீரில் வாழ்கிற நுண்ணுயிர்கள் அசைக்கப்படும்போது விடுகிற வெளிச்சம். 2019 ஓகஸ்ட்டில் சென்னைக் கரையில் கண்டு எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதற்கென்று பயணம் போடாதீர்கள்.

"அம்மாவுக்கு நடக்க ஏலாது. கடலில இறக்க ஏலாது. ஆனா அவவுக்கு அந்த நீலத்தைக் காட்டவேணும். எங்க கூட்டிக்கொண்டு போறது?"

கோயிலடி வேண்டாம், வாகனத்தை விட்டு ஏற்றம் ஏறவேண்டும். மணல் நிறைந்த நிலாவெளியும் வேண்டாம், சக்கர நாற்காலி புதையும். நகரத்துக்குள்ளேயே டச்சுக்குடாக் கரை இருக்கிறது. வீதியோரமே கடல். பிற்பகல் மூன்று மணிக்குக் கொண்டுபோய், ஓட்டோவை நிழலாகப் பார்த்து, கடல் பக்கம் முகம் காட்ட நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. இடப்பக்கம் கோணேசர் மலை தெரியும், அவர் இருந்த இடத்திலிருந்தே கும்பிடலாம்.

போன வைகாசியில் ஒரு மகன் தன் தாயை அப்படிக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். கண் பார்வையும் அவருக்கு மங்கல்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரையில பச்சை, அங்கால நீலம், என்ன?" என்று கேட்டார். ஓம் அம்மா என்றேன். மகன் இறங்கிப்போய் ஒரு போத்தலில் கடல் தண்ணீர் எடுத்துவந்து அவர் காலில் ஊற்றினார். ஆறு மணிவரை அங்கேயே இருந்தார்கள்.